இருட்டில் வளர்ந்த பயறு

அரசுத் தொடக்கப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறேன். தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலை ஓரம். எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. சமையலறைச் சன்னலும் வகுப்புச் சன்னலும் எதிரெதிரே இருக்கும். உலை கொதிக்கும்போது பாடம் காதில் விழும். மழைக் காலத்தில் மலையிலிருந்து இறங்கும் மூட்டமும் என் அடுப்பு ஆவியும் ஒன்றாகிவிடும். பிள்ளைகள் குளத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும்.

பேசுகிற மிஷின் அந்தச் சமயத்தில்தான் வந்தது. எங்கள் பள்ளியின் இளைய சார் தன் செல்போனை வகுப்பு டிவியில் இணைத்தார். ஏ.ஐ. என்றார். கேட்டால் பதில் சொன்னது. பெண் குரல். அவசரமில்லாத குரல். யாரோ தூக்கத்தில் பேசுவது போல இருக்கும். கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

அறிவியல் எடுக்கிற டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"புள்ளைங்க இப்ப என்னைய எதுவுமே கேக்கறதில்லீங்க்கா. அதைத்தான் கேக்குதுங்க."

"சார்கிட்டச் சொல்றதுதானுங்க டீச்சர்?"

"சொன்னேன். நேரம் மிச்சந்தானுங்களேங்கறாரு. மிச்சமான நேரத்த வெச்சு நான் என்னங்க பண்றது?"

நான் ரசம் ஊற்றினேன்.

பிறகு செடிக்கு வெளிச்சம் எதற்கு என்கிற பாடம் வந்தது. இரண்டு கொட்டாங்குச்சியில் மண் போட்டுப் பச்சைப்பயறு விதைத்தார்கள். ஒன்று வகுப்புச் சன்னலில். இன்னொன்று என் சமையலறை மூலையில், கூடை போட்டு மூடி. தண்ணீர் தெளிக்கக் கூடையைத் தூக்குவேன். ஈர மண் வாசம் வரும். இருட்டில் வெளுத்த தண்டுகள் நிற்கும். தொட மனசு வராது.

ஒரு வாரம் கழித்து இரண்டையும் எடுத்துவைத்துப் பார்த்த அன்று சார், டீச்சர் இரண்டு பேரும் இருந்தார்கள். வெளிச்சத்தில் வளர்ந்தது பச்சை, குட்டை. இருட்டில் வளர்ந்தது மஞ்சள், ஒரு சாண் உயரம். எது நன்றாக வளர்ந்தது என்று டீச்சர் கேட்டார். பிள்ளைகள் எல்லோரும் மஞ்சளைக் காட்டினார்கள். எங்கள் பக்கம் மாரியம்மன் நோன்பிக்கு முளைப்பாரியை இருட்டில்தான் வளர்ப்போம். நெட்டையாக வந்தால் வீட்டுக்கு நல்லது என்பார்கள்.

சார் மிஷினைக் கேட்டார். வெளிச்சம் இல்லாவிட்டால் செடி நன்றாக வளராது என்றது.

"பொய் சொல்லுதுங் சார்!"

"அதுங்க ஊட்டுல முளைப்பாரியே போட்டதில்லையாட்டங் சார்!"

ஒரே சிரிப்பு. சார் முகம் சுண்டிப்போனது. டீச்சரும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஏன் நெட்டையாச்சுன்னு அதையே கேளுங்க சார்" என்றார்.

கேட்டார். வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீள்கிறது, விதையில் உள்ள உணவு தீர்ந்ததும் வாடிச் சாய்ந்துவிடும் என்றது அந்தக் குரல்.

முன்னால் இருந்த பெண்பிள்ளை டிவியிலிருந்து முகத்தைத் திருப்பியது.

"ஏனுங் டீச்சர், நெசமாலுமே சாஞ்சு போயிருமுங்களா?"

"வெச்சுப் பாக்கலாம் கண்ணு."

"கோயிலுக்குக் கொண்டு போறதும் சாயுமுங்களா?"

டீச்சர் மஞ்சள் தண்டைத் தொட்டுப் பார்த்தார். "அதைத்தான் நோன்பி முடிஞ்சதும் தண்ணில உட்டுப்போடறமே, அம்மணி. அதுக்கப்பறம் யாரு பாத்தா? நானும் பாத்ததில்ல."

நானும் பார்த்ததில்லை. வருசாவருசம் தலையில் சுமந்து போயிருக்கிறேன்.

அதற்கப்புறம் கேள்வி நிற்கவில்லை. இருட்டுன்னு அதுக்கு எப்படித் தெரியும், கண்ணு இருக்குதுங்களா, ராத்திரி பயந்துக்குமா. எல்லாம் டீச்சரைப் பார்த்துத்தான். சார் டிவியை அணைக்கவில்லை. பிள்ளைகள் ஒருத்தரும் அதைக் கேட்கவும் இல்லை. டீச்சர் சில கேள்விக்குப் பதில் சொன்னார். சிலதுக்குத் தெரியலை என்றார். சிலதை மிஷினிடம் அவரே கேட்டார்.

வெளியே மூட்டம் இறங்கியிருந்தது. என் அடுப்பு ஆவிக்குள் வகுப்பு மட்டும் மங்கலாக ஆடிக்கொண்டிருந்தது. டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஒவ்வொருத்தராக் கேளுங்க சாமி" என்றார்.