பாண்டீஸ்வரியின் கோணக்கால் குஞ்சுகள்

கண்டனூரில் உமையாள் ஆச்சியின் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பாண்டீஸ்வரிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆச்சி குடும்பம் இருப்பது சென்னையில். கல்யாணம் காட்சி என்றால்தான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அத்தனை அறைக்கும் இவள் ஒருத்திதான். கட்டுவிரியனை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே போய் வேலிக்கு வெளியே விட்டவள். அப்படிப்பட்டவள் போன ஐப்பசியில் ஒரு காலை நேரம், நான் உதவியாளராக இருக்கும் சாக்கோட்டைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"டாக்டரம்மா, கதவச் சாத்துங்க."

"நான் டாக்டரம்மா இல்லன்னு எத்தனை தடவக்கா சொல்றது? அனிதான்னு கூப்பிட்டா வாய் வலிக்குமா?" எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஊருக்கே தெரியும்.

அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஏழு கோழிக்குஞ்சுகள். ஆறு குஞ்சுகளுக்குக் கால்கள் இரண்டும் இரு பக்கமாக அகன்று, வயிறு அட்டையில் பதிந்து கிடந்தது. எழுந்திரிக்கப் பார்க்கும், கால் மறுபடி அகன்று போகும். ஏழாவதற்கு விரல்கள் எல்லாம் உள்பக்கமாக மடங்கியிருந்தன.

"முதல்ல ஒண்ணுக்குத்தான் இப்படி ஆச்சு. சுபா கண்ணுல படக்கூடாதுன்னு எல்லாத்தையும் உள்கூடத்துல கொண்டுபோய் வச்சுப் பூட்டுனேன். ரெண்டே நாளு, ஏழு ஆயிப்போச்சு. அப்ப எம் பேரப்புள்ளைக்கு..." வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுபா அவளுடைய ஒரே மகள். எட்டு மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை போன வருடம் ஆறாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவை வளைகாப்பு முடிந்த கையோடு தாய்வீட்டுக்கு அழைத்து வந்து, பெரிய வீட்டின் பின்கட்டில் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாள். கோணக்கால் குஞ்சு பொரிக்கிற வீட்டில் பிறக்கிற பிள்ளைக்கும் கால் கோணும் என்று அடுத்த தெரு கருப்பம்மாள் என்கிற மகராசி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வாய்க்குப் போட எங்கள் மருந்தகத்தில் மருந்து இல்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"தாய்க்கோழி எங்கக்கா?"

"கீரி கொண்டுபோயிருச்சு. வெளிய மழை வேற. உள்ள பல்பு போட்டுத்தான் வச்சிருக்கேன்."

"கீழ என்ன விரிச்சீக?"

"விரிக்கிறதா? ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரைல்ல அது! தையில ஆச்சி வீட்டுக் கல்யாணம். தேங்காயெண்ணெய் விட்டுத் தேய் தேய்னு தேச்சு வச்சிருக்கேன். மொகம் பாக்கலாம்." அந்தப் பயத்துக்கு நடுவிலும் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

வந்ததே எனக்குக் கோபம். "ஏங்க்கா, எண்ணெய்த் தரையில நம்மளாலயே நிக்க முடியாது. பொரிச்சு அஞ்சு நாள்கூட ஆகாத குஞ்சு எப்படி நிக்கும்? பிடிமானம் இல்லாம வழுக்கி வழுக்கித்தான் கால் அகண்டு போச்சு. நீங்க ஒளிச்சு வச்ச எடந்தான் ஒண்ண ஏழாக்கியிருக்கு. சாபமும் இல்ல, சகுனமும் இல்ல. இந்த விரல் மடங்குனது சத்துக் குறைவு. வெறும் நொய்யத்தானே போட்டீக?"

ஆமாம் என்று தலையாட்டினாள். "அப்ப சுபாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"கோழிக்காலுக்கும் சுபாவுக்கும் என்னக்கா சம்பந்தம்? கட்டிவிட்டா நாலஞ்சு நாள்ல முக்காவாசி நேராயிரும். சாக்கு விரிச்சு விடுங்க."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கருப்பம்மாளைத் திட்டினாள். நான் கால் அகன்ற குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு காலையும் உடம்புக்கு நேர் கீழே கொண்டுவந்து, நடுவில் ஒரு விரற்கடை விட்டு, பிளாஸ்டர் துணியால் இணைத்துக் கட்டினேன். ஐந்தாவது குஞ்சைக் கையில் எடுத்தபோது அவளுடைய போன் அடித்தது. சுபாதான். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"எம்மா, உள்ள மிச்சக் குஞ்சுக தொண்ட கிழியக் கத்துதுகம்மா. சாவி ஆணியிலதான் தொங்குது. தண்ணி வச்சிட்டு வந்துர்றேன்."

வைத்துவிட்டாள்.

பாண்டீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்தத் தரையில் நம்மாலேயே நிற்க முடியாது என்று இப்போதுதான் என் வாயால் சொல்லியிருந்தேன்.

திரும்பக் கூப்பிட்டோம். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தடவையும் எடுக்கவில்லை. குஞ்சை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். தூறலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. நான் "மாதாவே, மாதாவே" என்கிறேன். பின்னாலிருந்து அவள் "கருப்பா, எங் கருப்பா" என்கிறாள். என் தோளில் அவள் நகம் பதிந்த இடம் ஒரு வாரம் வலித்தது.

உள்கூடத்துக் கதவு திறந்து கிடந்தது. கூடத்தின் நடுவில் சுபா நின்றாள். தண்ணீர்ச் சட்டி அப்போதுதான் கவிழ்ந்து, எண்ணெய்த் தரை முழுக்கத் தண்ணீர். பிடித்துக்கொள்ளத் தூண்கூடப் பக்கத்தில் இல்லை. ஒரு கை வயிற்றில். கால்கள் இரண்டும் இரு பக்கமாக அகன்று, இன்னும் அகன்றுகொண்டே போயின. பெட்டிக்குள் பார்த்ததை அப்படியே பார்த்தேன்.

"எம்மா, வழுக்குதும்மா!"

"அடி ஆத்தீ! அசையாத தாயி, அசையாத!" பாண்டீஸ்வரி ஓடப் போனாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"ஓடாதீக! நீங்க வழுக்குனா அவளையும் சேத்துச் சாச்சிருவீக!"

நடையில் பழைய சாக்குகள் அடுக்கியிருந்தன. பாண்டீஸ்வரி மண்டி போட்டு ஒன்றை விரித்தாள். அதன்மேல் ஊர்ந்து போய் அடுத்ததை விரித்தாள். நான் பின்னாலேயே எடுத்துக் கொடுத்தேன். ஐந்து சாக்குத் தூரம்தான். கடைசிச் சாக்கை மகளின் காலடியில் விரித்து, அவளுடைய இரண்டு கணுக்காலையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். பிறகு வலது காலை மெல்ல உள்ளே நகர்த்திச் சாக்கில் வைத்தாள். அப்புறம் இடது கால். நான் குஞ்சுகளுக்குச் செய்ததை அப்படியே செய்தாள்.

சுபா சாக்கில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தலை தன் தோளில் சாய்ந்த பிறகும் பாண்டீஸ்வரி அந்தக் கால்களை விடவில்லை.

கார்த்திகைக் கடைசியில் காரைக்குடி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நான் போனபோது பாண்டீஸ்வரி கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"பொறந்து நாலு மணி நேரமாச்சு. நான் இன்னும் காலப் பாக்கல அனிதா. துணிய வெலக்கக் கை வரமாட்டேங்குது. நீங்க பாருங்க."

முதல் தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். துணியை விலக்கி அந்தச் சின்னப் பாதத்தில் என் கட்டைவிரலை வைத்தேன். என்ன உதை!

"உதைக்கிறாக்கா."

"வெரலு?"

"வந்து நீங்களே எண்ணுங்க."

வந்தாள். ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பத்து. நம்பாமல் முதலிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.