ஆளில்லாத லார்னகாவில் ஏழு நாள்

எனக்கு வாய் அதிகம். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அபுதாபி ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது, நான் ஊசி போட்டால் வலிக்காததற்குக் காரணம் கைராசி இல்லை, நிறுத்தாத பேச்சுதான் என்று கூட வேலை பார்த்த மலையாளிப் பெண்கள் கிண்டல் பண்ணுவார்கள். அப்படிப்பட்ட எனக்கு, எண்பதுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி மாதம், பெற்ற மகளின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அவளுக்கு அப்போது ஏழு வயது.

மூன்று வயதில் அவளை வேதாரண்யத்தில் இவருடைய அக்காவிடம் விட்டுவிட்டு நான் விமானம் ஏறினேன். இவர் அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு கராஜில் ஸ்டோர்கீப்பர். குடும்ப விசா எடுக்கிற அளவுக்கு இவர் சம்பளம் ஏறுவதற்கு நாலு வருஷம் ஆனது. நடுவில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு லீவு, முப்பது நாள். மற்றபடி எல்லாம் கேசட்தான். அந்த நாளில் கல்ஃபில் இருந்தவர்களுக்கு இது தெரியும். டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசி, யாராவது லீவில் ஊருக்குப் போனால் கேசட்டைக் கொடுத்துவிடுவோம். நான் மாதம் ஒன்று அனுப்புவேன், இரண்டு பக்கமும் நிரப்பி. "சாப்பிட்டியா கண்ணு, காய்ச்சல் விட்டுச்சா, அத்தையைப் படுத்தாம இருக்கியா, இங்கே ஒரே வெயில்" என்று ஆரம்பித்தால் கேசட் தீர்ந்துபோய் பட்டன் தானாக எகிறும்வரை பேச்சுதான். பதில் கேசட் வராது. அக்கா வீட்டு டேப்பில் கேட்கத்தான் முடியும், பதிய முடியாது.

ஒருவழியாக அவளை முதலில் விசிட் விசாவில் வரவழைத்தோம். வந்து இரண்டரை மாதம் ஆகியும் பேச்சில்லை. சொன்னதைச் செய்வாள். தட்டில் வைத்ததைச் சாப்பிடுவாள். அப்பாவிடமாவது "சரிப்பா", "வேணாம்ப்பா" என்று ஏதோ வரும். நான் வாயைத் திறந்தால் போதும், கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள். குளிக்கப் போனால் தண்ணீரைத் திறந்துவிட்டு அத்தையை நினைத்து அழுவாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

விசிட் விசா முடிகிற நேரம். ஒருதரம் நாட்டை விட்டு வெளியே போய்விட்டு, புதுக் குடும்ப விசாவில் உள்ளே வரவேண்டும். இவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "மூணு பேருமா ஒரு வாரம் எங்கேயாவது போவோம். அப்பவும் உன்கிட்ட ஒட்டலைன்னா, புது விசாவே வேண்டாம். திரும்பி வர வழியில நான் அவளைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடறேன். அக்காகிட்டயே இருக்கட்டும். குழந்தையை வதைக்கக் கூடாது." அதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அவர் குடிக்கிற டீயில் அன்றைக்கு வேண்டுமென்றே சர்க்கரை போடவில்லை.

சைப்ரஸ் போகலாம் என்றது என்னோடு வேலை பார்த்த லெபனான் நர்ஸ். குளிர்காலத்தில் கூட்டமே இருக்காதாம், ஹோட்டலில் பாதி வாடகைதானாம். கூட்டம் இருக்காது என்றால் நிம்மதியாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த மத்தியதரைக் கடல் காலண்டரில் இருப்பது, பளபளவென்று நீலமாக. மகளுக்கு நாலு பூப்போட்ட கவுனும் ஒரு வெயில் தொப்பியும் வாங்கினேன். இவர் ஊருக்குப் போகிற பழக்கத்தில் சூட்கேஸை நைலான் கயிற்றால் கட்டி, மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் பெயர் எழுதினார். உள்ளே எலெக்ட்ரிக் குக்கர், ஐந்து கிலோ அரிசி, எலுமிச்சை ஊறுகாய். நாங்கள் உல்லாசப் பயணம் போன லட்சணம் இது.

சைப்ரஸின் கடற்கரை ஊரான லார்னகாவில் இறங்கினால் மழை. சும்மா மழை இல்லை, சாய்ந்தடிக்கிற மழை. கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கடற்கரை ரோடு முழுக்க ஹோட்டல்களும் கடைகளும், பத்துக்கு எட்டு பூட்டு. நாற்காலிகளைக் கவிழ்த்து பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள். எங்கள் ஹோட்டல் நீச்சல் குளம் காலி, அடியில் கொஞ்சம் மழைத் தண்ணீரும் சருகும் ஒரு ஒற்றைச் செருப்பும். சாப்பாட்டு அறையில் எங்களைத் தவிர ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் மட்டும். பூப்போட்ட கவுனுக்கு மேல் இவருடைய ஸ்வெட்டரை மாட்டிவிட்டேன், அது அவள் முழங்கால் வரை வந்தது.

முதல் மூன்று நாளும் ஹோட்டல் அறைதான். நேரம் போய்க்கொண்டிருக்கிறதே என்ற பதற்றத்தில் நான் விடாமல் பேசினேன். "குளிருதா? பால் வேணுமா? அந்தக் கப்பலைப் பாரு, எவ்வளவு பெரிசு! உனக்குக் கப்பல் பிடிக்குமா? அம்மா சின்ன வயசுல கப்பலே பார்த்ததில்லை தெரியுமா, திருச்சியில ஏது கப்பல்..." அவள் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். மூன்றாம் நாள் மதியம், கட்டிலில் படுத்திருந்த இவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏண்டி, கேள்வி கேட்டா பதிலுக்கு நிக்கமாட்டியா? நாலு வருஷமா டேப்புக்குப் பேசிப் பேசி உனக்கு நிறுத்தவே தெரியல. இன்னும் கேசட்டுக்குத்தான் பேசிக்கிட்டிருக்கே."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! "ஓகோ, என் பேச்சுதான் குத்தமா? இனிமே வாயே திறக்கல. அப்பனும் மகளும் பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஞானம் வந்ததெல்லாம் இல்லை, சுத்தமான வீம்புதான். அன்று மாலை முழுக்கப் பேசவில்லை. என் கல்யாண வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

மறுநாள் மழை விட்டது. ஊருக்கு வெளியே ஒரு ஏரி இருக்கிறது, பறவை வந்திருக்கிறது என்று ஹோட்டல்காரர் கையால் ஜாடை காட்டிச் சொன்னார். பஸ்ஸில் போனோம். இவர் சிகரெட் பிடிக்க ஒதுங்கிப் போக, நானும் மகளும் கரையில் நின்றோம். நான் வீம்பை விடவில்லை. காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"உப்பு," என்றாள்.

நான் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

"வெயில் காலத்துல இதெல்லாம் காஞ்சு வெள்ளையாயிடும். எங்க ஊரு உப்பளத்துல அப்படித்தான். அதோ, அது பூநாரை. கோடிக்கரைக்கு வரும். சேத்துல தலையைத் தலைகீழா வச்சுத்தான் தின்னும். உங்களுக்குத் தெரியாதா?"

தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. எனக்கு உண்மையாகவே தெரியாது. "தெரியாது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், சத்தியமாக.

அவள் சொல்லத் தொடங்கினாள். பாத்தி கட்டுவது, உப்பு வாருவது, மாமா சைக்கிளில் கூட்டிப்போனது, ஒரு பறவைக்குக் கால் ஒடிந்திருந்தது. அடேயப்பா, என் வாய் அப்படியே இறங்கியிருந்தது அவளிடம்! இத்தனையையும் எங்கேதான் அடக்கி வைத்திருந்தாளோ. அவள் மூச்சு வாங்க நின்ற இடத்தில் மெதுவாகக் கேட்டேன். "இவ்வளவு நாள் ஏன் கண்ணு அம்மாகிட்ட பேசல? அம்மாவைப் பிடிக்கலையா?"

அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். "அம்மா பேசும்போது பேசக்கூடாதுன்னு கேசட் போடறப்பல்லாம் அத்தை சொல்லியிருக்காங்க. கையைக் கட்டிக்கிட்டு கேக்கணும். நடுவுல பேசினா அம்மா சொல்றது போயிடும்."

நான் அந்த ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். புடவை நனைந்ததும் தெரியவில்லை. இரண்டரை மாதமாக வெறுப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாது என்று அவள் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை, நன்றாகவே அழுதேன். சிகரெட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்த இவர், "என்னடி ஆச்சு, விழுந்துட்டியா?" என்றார்.

மீதி மூன்று நாளும் மறுபடி மழைதான், ஆனால் அறையில் சண்டை, சிரிப்பு, ஊறுகாய்ச் சோறு. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஐந்தாம் நாள் பாத்ரூமில் மறுபடி தண்ணீர் ஓடியது. வெளியே வந்தபோது, "அத்தை ஞாபகம் வந்துச்சு" என்று அவளே சொன்னாள். தலையைத் துவட்டிவிட்டேன்.

ஏழாம் நாள், கட்டின சூட்கேஸின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். இவர் அவள் முன்னால் மண்டியிட்டுக் கேட்டார். "அத்தைகிட்ட போகணும்னா அப்பா கூட்டிட்டுப் போறேன். எங்களோட வந்தாலும் சரி. நீ சொல்லு, யாரும் கோவிச்சுக்க மாட்டோம்."

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அபுதாபியில ஸ்கூலுக்கு யாரு கொண்டுபோய் விடுவாங்க?"

"நான்தான்."

"உங்களுக்கு நைட் டியூட்டி வருமே?"

"முடிச்சிட்டு நேரா வந்து கூட்டிட்டுப் போவேன்."

"தூக்கம் வருமே."

"வரும்."

பிறகு சூட்கேஸிலிருந்து இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பரவாயில்ல. நடக்கும்போது நான் பேசிக்கிட்டே வரேன். தூங்கமாட்டீங்க."