பின்கதவுக்குள் சிஸ்டர் ராஜ்ஜியம்

அந்த ஆம்புலன்ஸுக்குச் சைரன் வெறும் அலங்காரம். கூட்டத்தை விலக்கியது பின்னால் உட்கார்ந்திருந்த சிஸ்டரின் தொண்டைதான். ஒருமுறை சைரன் பழுதாகிவிட, அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரு குரல் கொடுத்ததில் சிவப்பு விளக்கே பயந்துபோய்ப் பச்சைக்கு மாறியது. நம்பாதவர்கள் அங்கே நின்றிருந்த போக்குவரத்துக் காவலரைக் கேட்டுக்கொள்ளலாம். அவரும்தான் ஓரமாக ஒதுங்கினார்.

பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் அவள். நர்ஸ் வேலைக்கு வந்த பிறகு, நோயாளிகள் தூங்க முடியவில்லை என்று வார்டு வார்டாக மாற்றப்பட்டாள். கடைசியில் ஒரு புண்ணியவான், "தூங்கவே கூடாத கேஸ் இருக்கிற இடத்துக்கு இவளை அனுப்புங்க" என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார். அங்கே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அவள் பேச்சை முகம் சுளிக்காமல் கேட்ட ஒரே மனிதரைப் பார்த்தாள். விடுவாளா? கல்யாணம் செய்துகொண்டாள்.

கல்யாணமான கையோடு இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். வண்டிக்குள் புருஷன் பெண்டாட்டி கிடையாது. அவர் டிரைவர், அவள் சிஸ்டர். முன் சீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம், பின்கதவுக்குள் அவள் சொன்னதுதான் சட்டம். தாலி கட்டியவளைச் சிஸ்டர் என்று கூப்பிடுகிறாரே என்று ஆம்புலன்ஸ் ஸ்டாண்டே சிரிக்கும். அடுத்த வண்டியை ஓட்டுகிறவன் அவளுடைய தம்பி. டிரைவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் அவன் 'மச்சான்' ஆகிவிட்டான். "அக்கா உங்களுக்குச் சிஸ்டர்னா, நான் உங்களுக்கு என்ன ஆகணும் மாமா?" என்று அவன் வாரம் தவறாமல் கேட்பான்.

ஒரு மத்தியானம் ஸ்டாண்டில் டிரைவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கை நின்றது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். மெல்ல ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

"என்னங்க, ஏன் இப்படி வேர்க்குது?"

"வண்டிக்குள்ள 'என்னங்க' கிடையாது சிஸ்டர். வெறும் கேஸ்தான். ஒரு சோடா குடிச்சா ஏப்பத்தோட போயிடும்."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் சொல்லும் வசனம்தான். பாவம், வாயுவின்மேல் இந்த உலகம் போட்ட பழி கொஞ்சநஞ்சமல்ல. "கேஸுக்கு எதுக்கு சார் இப்படி வேர்க்கும்?" என்று அத்தனை பேரையும் மடக்கி ஸ்ட்ரெச்சரில் ஏற்றியவரும் இதே டிரைவர்தான்.

"பின்னாடி வந்து படுங்க. ஒரு ஈசிஜி எடுத்துடலாம்."

"முன் சீட்ல உன் சட்டம் செல்லாது. ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும்? ஏறு, நானே ஓட்டிட்டுப் போறேன்." சாவியைத் திருப்பியே விட்டார்.

போகிற வழியில் இதயம் நின்றால் இவரோடு ரோட்டில் போகிறவர்களும் போய்விடுவார்கள். கையைப் பிடித்து இழுத்தால் மல்லுக்கட்டுவார், கத்தினால் பதிலுக்குக் கத்துவார். இரண்டுமே அந்த இதயத்துக்கு ஆகாது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த நிசப்தத்தைக் கேட்டு ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

பின்பக்கம் போய் நின்று, ரொம்ப அலட்சியமாகச் சொன்னாள்: "டிரைவர், ஸ்ட்ரெச்சர் பூட்டு மாட்டிக்கிச்சு. வண்டியைப் பார்த்துக்கிற லட்சணம் இதுதானா?"

தன்னை என்ன சொன்னாலும் தாங்குவார், வண்டியைச் சொன்னால் தாங்கமாட்டார். இறங்கி வந்து, பின்னால் ஏறி, பூட்டைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு!"

அவள் அவர் தோளை அமுக்கி ஸ்ட்ரெச்சரில் உட்காரவைத்தாள். கதவைச் சாத்தினாள். "இப்போ என் எல்லைக்குள்ள இருக்கீங்க. படுங்க."

"இது மோசடி!"

"ஆமா. இந்த ஆஸ்பிரினைக் கடிச்சு மெல்லுங்க."

"கசக்குது."

"நான் கோவத்தோட கொடுத்தா வேற எப்படி இருக்கும்?"

மார்பில் ஒயர்களை ஒட்டினாள். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே சமதரையாக ஓட வேண்டிய கோடு மலையேறிக்கொண்டிருந்தது. ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. யார் யாருடைய மார்பிலோ பார்த்த மலை, இன்று தன் வீட்டுக்குள் முளைத்திருக்கிறது. படத்தைப் போனில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். "தயாரா இருக்கோம், நேரா கொண்டாங்க" என்று பதில் வந்தது. இதயம் நின்றால் அதிர்ச்சி கொடுக்கும் பட்டைகளையும் மார்பில் ஒட்டிவைத்தாள். பயம் தெரியாமலிருக்க அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

மச்சான் ஓடிவந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். "இந்த வண்டிய ஓட்டணும்னு எனக்கு எவ்வளவு நாள் ஆசை தெரியுமா மாமா!"

"டேய், கிளட்சை மிதிக்காத, தடவு!" படுத்தபடியே டிரைவர் கத்தினார். "வளைவுல போயி எவனாவது—"

பேச்சு அறுந்தது. கண் செருகியது. திரையில் மலையும் இல்லை, தரையும் இல்லை, வெறும் கிறுக்கல்.

"வண்டிய நிறுத்துடா!"

அதிர்ச்சி கொடுக்கும் பொத்தானை அழுத்தினாள். உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டு கைகளையும் கோத்து நெஞ்சின் நடுவில் வைத்து அமுக்கத் தொடங்கினாள். பிறந்ததிலிருந்து பேசிய பேச்செல்லாம் எங்கோ ஓடிப்போயிருந்தது. உதட்டில் எண்ணிக்கை மட்டும். எமன் அந்தப் பக்கம் இழுக்க, இவள் இந்தப் பக்கம் அமுக்கினாள். எமனுக்குத்தான் மூச்சு வாங்கியிருக்கும்.

திடீரென்று ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"—பிரேக் போடுவானா?" என்று டிரைவர் வாக்கியத்தை முடித்தார். "என் நெஞ்சு மேல உனக்கு என்ன வேலை?"

மச்சான் அழுதுகொண்டே சிரித்தான், சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர்கள் காத்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே பறந்தது. ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "கையெழுத்துப் போட வீட்டு ஆளுங்க யாரு?" என்றாள். சிஸ்டர் பழக்கதோஷத்தில் வராந்தாவைப் பார்த்துத் திரும்பி, "பேஷண்ட் வீட்டு ஆளுங்க யாருப்பா? சீக்கிரம் வாங்க!" என்று குரல் கொடுத்தாள்.

யாரும் வரவில்லை. மச்சான் அவள் முழங்கையைத் தொட்டான். "அக்கா, நாமதான்."

அப்போதுதான் அவள் பேனாவை வாங்கி, மனைவி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அடைப்பை எடுத்துக் குழாயைத் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் உள்ளே விட்டபோது டிரைவர் வெளுத்துப்போய், ஆனால் கண்ணில் குறும்போடு படுத்திருந்தார்.

"நான் செத்துட்டேனாமே?"

"கொஞ்ச நேரம்தான்."

"அப்போ மச்சான் வண்டிய நிறுத்தினானா?"

"ஓரமாத்தான் நிறுத்தினான்."

"இண்டிகேட்டர் போட்டானா?"

சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. அடுத்த கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். இது இதய நோயாளிகள் இருக்கிற இடம், வெளியே போங்கள் என்று நர்ஸ் ஓடிவந்து சொன்னபோதும், அவள் சிரித்துக்கொண்டேதான் போனாள்.