சோறு தின்னாத சம்பந்தி

முட்டை உரிப்பது நஃபீசாவின் வேலை. தின்பது அப்துல் லத்தீபின் வேலை. விடிந்ததும் குண்டானில் அவித்து, கை பொறுக்காத சூட்டிலேயே ஓட்டை உரித்து, மிளகுத்தூள் தூவிக் கணவர் முன்னால் வைப்பாள். மற்றவர்களுக்கு இட்லி. பகலில் மற்றவர்களுக்குச் சோறு, அவருக்குக் கறி. ராத்திரி மற்றவர்களுக்குத் தோசை, அவருக்கு மீன். அடுப்பு ஒன்று, சமையல் இரண்டு வீட்டுக்கு.

ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கிடங்கை வாலிபத்திலிருந்து மேய்த்துவிட்டு, இரண்டாயிரத்து ஐந்தில் லத்தீப் லப்பைக்குடிக்காட்டுக்கே ஒரேயடியாகத் திரும்பியிருந்தார். அங்கிருந்து வருகிறவர்கள் சென்ட்டும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு கொள்கை. அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு எதுவும் கூடாது; கறி, மீன், முட்டை, கீரை வேண்டிய மட்டும் தின்னலாம். எகிப்துக்கார மேனேஜர் உபதேசித்ததாம். அங்கே மெஸ் சாப்பாட்டில் அதைக் கடைப்பிடிக்க முடியவில்லை. இங்கே நஃபீசா இருந்ததால் முடிந்தது. கொள்கையோடு கூட, மணிக்கட்டில் கட்டினால் நாடித்துடிப்பைக் காட்டும் சின்ன மெஷின் ஒன்றும் வந்தது.

ஆரம்பத்தில் தலைவலி, எரிச்சல், மாடியேறினால் நெஞ்சில் படபடப்பு. உடம்பு பழகுகிறது என்றார். அது பழகுவதற்குள் இரண்டு பீங்கான் தட்டு உடைந்தது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், தொப்பை கரையத்தான் செய்தது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே எண்பத்தாறு அடித்த நாடி எழுபதுக்கு இறங்கியது. அந்த எழுபதை, பிள்ளை வாங்கிய மார்க்கு மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எடை குறைந்ததாலும் தினமும் நடப்பதாலும்கூட இருக்கலாம் என்று பெரம்பலூர் டாக்டர் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பால்காரர் கையில் மெஷினைக் கட்டினார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் கையில் கட்டினார். ஒருநாள் நஃபீசா ஈரத்துணிகளை மாடிக்குத் தூக்கிப்போய்க் காயப்போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி இறங்கிவந்து கையை நீட்டினாள்.

"நீ சோத்தத் தின்னுட்டு வந்து நீட்டுனா மெஷினு என்ன பண்ணும்?" என்று அதை உறைக்குள் வைத்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் மகள் ஃபர்ஹாவுக்குச் சம்பந்தம் வந்தது. அரியலூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் அப்துல் சலாமின் மகன் ஆசிப். மாப்பிள்ளை போட்டோவை ஃபர்ஹா பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருப்பது நஃபீசாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள்.

பேசி முடிக்க வந்தவர்களுக்கு சஹனில் விருந்து. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவது. நெய்ச்சோறு குவிந்திருக்கும், நடுவில் கறி. அவரவர் தன் பக்கமிருந்து எடுக்க வேண்டும். நடுவில் கிடக்கும் நல்ல துண்டுகளை வீட்டுக்காரர் விருந்தாளி பக்கம் தள்ளிவிட வேண்டும். திரைக்குப் பின்னால் நின்ற நஃபீசா பார்த்தாள். லத்தீபின் கை சோற்றைத் தாண்டி நேரே நடுவுக்குப் போனது. திரும்பத் திரும்பப் போனது. தன் பக்கத்துச் சோற்றையெல்லாம் பெரிய மனசோடு சலாம் பக்கம் ஒதுக்கி, "சாப்புடுங்க மச்சான், கூச்சப்படாதீங்க" என்றார். சலாமும் அவர் தம்பிமார் இருவரும் வெறும் சோற்றைப் பிசைந்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கை கழுவி வந்த சலாமைப் பிடித்து உட்காரவைத்து மெஷினைக் கட்டினார்.

"தொண்ணூத்தாறு. நெஞ்ச பாத்துக்குங்க மச்சான்."

வயிறுமுட்டத் தின்ற எவனுக்கும் நாடி கொஞ்சம் ஏறும் என்று அந்த மெஷினுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரமே லத்தீபின் தங்கை ஃபஹ்மிதா வந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமல் நஃபீசாவைப் பார்த்துச் சொன்னாள்.

"மச்சி, அரியலூர்ல பேச்சு வேற மாதிரி போவுது. மனுசன் சோத்தத் தொடவே இல்லியே, சக்கரை முத்திப்போச்சா, அத்தாவுக்கு இருந்தா மவளுக்கும் வருமே, மறைச்சுக் கட்டிக்குடுக்குறாங்களான்னு கேக்குறாங்க."

ஊரிலேயே ஆரோக்கியமான மனிதர் மெஷினை எடுத்துவந்தார். தன் நாடி எழுபது என்றார். மெஷினோடு அரியலூருக்கே போய்க் காட்டுவதாகச் சொன்னார். ரத்தம் சோதித்த சீட்டு இருக்கிறது, அதை அனுப்பலாம் என்றார். கேட்காமலே சீட்டு காட்டினால் வியாதி இருப்பதாகவே முடிவுகட்டிவிடுவார்கள் என்றாள் ஃபஹ்மிதா.

"அதெல்லாம் வேணாம்ணே. அவங்க முன்னாடி உக்காந்து சோத்தத் தின்னு, போதும்."

ஒரு கவளம் உள்ளே போனாலும் இத்தனை மாசம் பட்ட பாடு வீண் என்று மறுத்துவிட்டார். அன்று ராத்திரி ஃபர்ஹா சாப்பிட வரவில்லை. மறுநாள் காலை அவர் முன்னால் முட்டை வரவில்லை. நஃபீசாதான் வந்து நின்றாள்.

"ஒங்க நெஞ்சுத்துடிப்பு எறங்கிருச்சு. புள்ள நெஞ்சு அடிச்சுக்கிட்டுக் கெடக்கு. எதப் பாக்கப் போறீங்கன்னு சொல்லுங்க."

அவர் மெஷினைப் பார்த்தார், பிறகு அதை உறைக்குள் வைத்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சாப்பிட வரச்சொல்லி நஃபீசாவே அரியலூருக்குப் போன் போட்டாள்.

அதே நாலு பேர், அதே சஹன். லத்தீப் முதல் கவளத்தை விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி விழுங்கினார். இரண்டாவதை மென்றார். மூன்றாவதுக்குக் கை தானாகவே தாளிச்சாக் குழம்பைத் தேடியது. அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. பச்சடி கேட்டார், மறுசோறு கேட்டார். சோற்றில் குறியாக இருந்ததால் கறித்துண்டுகள் சலாம் பக்கமே தங்கின. விருந்தோம்பலும் தானாக நடந்தேறியது. இனிப்புக்கு வந்த வட்டலப்பத்தை இரண்டாந்தரம் வாங்கி, கிண்ணத்தை விரலால் வழித்தார்.

"நல்லாத்தானே திங்கிறீங்க மச்சான்! நாங்கதான் என்னென்னவோ நெனச்சுட்டோம்" என்று சலாம் சிரித்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ் என்று முடிவானது. உள்ளறையில் பீரோக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் லத்தீப் மெஷினைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நஃபீசா விடியலிலிருந்து நின்ற கால் நின்றபடி. எச்சில் சஹனை எடுக்கக் குனிந்தாள்.

"நூத்தி ரெண்டு காட்டுது, நஃபீசா."

அவள் சிந்திய பருக்கைகளைத் துணியால் கூட்டி சஹனில் போட்டாள்.

"நெஞ்சு வேற தடதடங்குது. சலாமுக்குக்கூட இவ்வளவு இல்ல. எனக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

நிமிர்ந்தபோது அவளுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. கனத்த சஹனை இடுப்பில் இடுக்கி, மற்றொரு கையால் திரையை ஒதுக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.