லண்டனிலிருந்து சொன்னது

ஊரில் ஜனாதிபதித் தேர்தல் அறிவித்த கிழமையே அக்கா தொலைபேசியில் கேட்டுவிட்டாள்.

"தம்பி, இந்த முறை ஆருக்குப் போட?"

எனக்கு அங்கே வாக்கு இல்லை. லண்டனுக்கு வந்து முப்பது வருடமாகிறது. நகரின் கிழக்கே குட்மேய்ஸில் வீடு, சூப்பர்மார்க்கெட்டின் பேக்கரிப் பகுதியில் பாண் சுடும் வேலை. இங்கே கவுன்சில் தேர்தல் வந்தால், குப்பையை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று பார்த்து மூன்று நிமிடத்தில் புள்ளடி போட்டுவிட்டு வந்துவிடுவேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் அக்கா வீட்டு வாக்கு யாருக்கு என்பதை இவ்வளவு காலமும் நான்தான் சொல்லி வந்தேன். எங்கள் குடும்பங்களில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் நினைப்பார்கள். நாங்களும் இல்லையென்று சொல்வதில்லை.

இந்த முறை எனக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யோசி. ஆர் வந்தால் அவன்ர பைலைத் திறப்பினம் எண்டு பார்த்துச் சொல்லு. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

அவன் என்றால் அவளுடைய ஒரே மகன், என் மருமகன். பத்தொன்பது வயதில் கடைக்குப் போனவனை வழியில் வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா இராணுவ முகாம் முகாமாக அலைந்தாள். ஒவ்வொரு ஆணைக்குழுவிலும் சாட்சி சொன்னாள். இப்போது பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு தெருவோரப் போராட்டப் பந்தலில் அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

அவன் காணாமற்போவதற்கு முந்தைய வருடமும் ஒரு ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. தமிழர் யாரும் வாக்குப் போடக்கூடாது என்று சொல்லப்பட்ட தேர்தல். ஊரில் இயக்கத்தவர்கள் சொன்னார்கள். நான் லண்டனில் இருந்துகொண்டு அவர்களைவிட உரக்கச் சொன்னேன். ஒருவரும் வாசலைத் தாண்டக்கூடாது என்று அக்காவுக்குக் கட்டளையே போட்டேன். இங்கே நான் குளிருக்குப் போர்த்திக்கொண்டு இருந்தேன், வீரத்துக்குக் குறைவில்லை. தேர்தல் முடிந்து கொஞ்ச நாளில் சண்டை திரும்பவும் தொடங்கியது. தமிழரும் வாக்குப் போட்டு, அன்று தோற்றவர் வென்றிருந்தால் மருமகன் இன்றைக்கு உயிரோடு வீட்டில் இருந்திருப்பான் என்று எவராலும் சொல்லிவிட முடியாது. இதை எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மனம் கேட்பதில்லை.

ஆகவே இந்த முறை பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். வேலைக்குப் போகும் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து, போனில் மூன்று வேட்பாளர்களுடைய தேர்தல் விஞ்ஞாபனங்களையும் வரிவரியாக வாசித்தேன். முதலாமவர் கள்ளரைப் பிடிப்பேன் என்றார். காணாமற்போனவர்களைப் பற்றி ஒரு பந்திதான், அதுவும் கடைசிப் பக்கங்களில். இரண்டாமவர் உண்மையைக் கண்டறிவேன் என்று பெரிதாக எழுதியிருந்தார். ஆனால் அவருடைய மேடையில் பழைய அரசாங்கத்து முகங்கள் சிரித்துக்கொண்டு நின்றன. மூன்றாமவர் எங்கள் ஆள், தமிழர். அக்காவின் பந்தலுக்கு வந்து தரையில் இருந்து அழுதவர். தான் வெல்லப்போவதில்லை என்று அவருக்கே தெரியும். வெல்லாதவர் எந்தப் பைலைத் திறப்பார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள தமிழ்ச் சலூனில் கதையை எடுத்தேன். முடி வெட்டக் காத்திருந்தவர்கள் உடனே மூன்று பக்கமாகப் பிரிந்துவிட்டார்கள்.

"எங்கட சனம் எங்கட ஆளுக்குத்தான் போடவேணும், அண்ணை," என்று ஒருவர் துள்ளினார்.

"போட்டால்?"

"உலகம் பார்க்கும்."

உலகம் பார்த்த லட்சணம் எங்களுக்குத் தெரியாததா? அங்கே இருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் வாக்கு இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாதி முடியோடு எழும்பி வரமுடியாது என்பதால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அக்கா இரண்டு தரம் அழைத்தாள். இரண்டு தரமும் பொறுங்கோ என்றேன். தேர்தல் அன்று எனக்குக் காலை ஷிப்ட். பத்து மணி இடைவேளையில், ஊரில் பின்னேரம் இரண்டரைக்கு, ஒருவழியாக முடிவெடுத்து அழைத்தேன். வாக்குச்சீட்டில் இரண்டாமவருக்கு முதல் இலக்கம், எங்கள் ஆளுக்கு இரண்டாம் இலக்கம் என்று விருப்பு வரிசை போடச் சொல்வதுதான் முடிவு. அதிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

"அக்கா, வடிவாய்க் கேளுங்கோ, முதல் இலக்கத்தை..."

"நான் காலமை ஏழு மணிக்கே போய்ப் போட்டிட்டன்."

"நான் சொல்ல முந்தியோ? ஆருக்கு?"

"அதை உனக்குச் சொல்லமாட்டன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் கண் எரிய எரியப் படித்தவன் நான்.

"பின்னை என்னத்துக்கு என்னட்டைக் கேட்டனீங்கள்?"



"'எனக்குத் தெரியாது அக்கா, நீங்களே பார்த்துப் போடுங்கோ' எண்டு ஒருக்காலாவது சொல்லுவாய் எண்டு பார்த்தனான்," என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. "அந்த முறை அவனுக்கு முதல் வாக்கு. விடியவே குளிச்சு, வாக்காளர் அட்டையையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டு நிண்டவன். மாமா வேண்டாமாம் எண்டு சொல்லி நான்தான் வாசல் கேற்றைப் பூட்டினனான்."

இவ்வளவு காலத்தில் அவள் இதை ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. உள்ளே அடுப்பின் மணி அடித்தது. பாணை வெளியே எடுக்கவேண்டும். நான் போனைக் காதோடு வைத்தபடியே நின்றேன்.  என்ன கேட்பதென்று தெரியாமல், கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

"அவன் ஆருக்குப் போட இருந்தவன், அக்கா?"

"தெரியாது," என்றாள். "நானும் கேட்கேல்லை. நீயும் கேட்கேல்லை."