மெர்வினுக்கு ஒரு புதுக் கவசம்

என் தம்பி மெர்வின் ஹ்ரிசாக்கைக் கோல்கீப்பர் ஆக்கியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனுக்கு அப்போது ஆறு வயது, எனக்குப் பன்னிரண்டு. கொட்டகைக்குப் பின்னால் குட்டை உறைந்ததும் நானும் பக்கத்துப் பண்ணைப் பிள்ளைகளும் ஹாக்கி மட்டையோடு இறங்கிவிடுவோம். கோலில் நிற்கத்தான் ஒருத்தருக்கும் மனசு வராது. இருந்ததிலேயே பொடியன் அவன். சோபா மெத்தையை அவன் நெஞ்சில் கட்டி, "நீ நில்லுடா, வேற யாரு நிப்பா?" என்று நிறுத்தினேன். நின்றான். நாற்பது வருஷமாக நின்றுகொண்டே இருக்கிறான்.

இப்போது அவன் உரத்துக்குப் பொட்டாஷ் உப்பு வெட்டும் சுரங்கத்தில் வேலை செய்கிறான். ஷிப்ட் ஒவ்வொன்றும் பன்னிரண்டு மணி நேரம். கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை, அதை விடுங்கள். அம்மா போன பிறகு அப்பா அவனோடுதான் இருந்தார். அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டணும் என்று நடுராத்திரியில் எழுந்து பூட்ஸைத் தேடுவார். மாடுகளை விற்று இருபது வருஷம் ஆகிறது. மெர்வின்தான் எழுந்து சமாதானம் சொல்லிப் படுக்க வைப்பான். எதிர்வீடுதான் என் வீடு. "உனக்கு முதுகு வலி, நீ தூங்குக்கா" என்பான். நானும் வெட்கமில்லாமல் தூங்கிவிடுவேன்.

எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி டீமுக்கு மேனேஜர் நான். மேனேஜர் என்றால் ஜெர்சி துவைப்பது, பஸ் பிடிப்பது, நடுவரோடு சண்டை போடுவது. பனியில் ஓடுகிறவர்கள் ஒரு நிமிஷம் ஓடுவார்கள், பெஞ்சுக்கு வந்து தண்ணீர் குடிப்பார்கள், அடுத்தவன் இறங்குவான். கோல்கீப்பருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது, முழு ஆட்டமும் நிற்கணும். மற்ற ஊர்களில் மாற்று ஆள் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு மெர்வினை விட்டால் நாதியில்லை.

தொல்லை இரண்டு வருஷம் முன்பு ஆரம்பித்தது. ஆட்டத்தின் நடுவே அவன் தலையில் மாட்டும் முகக்கவசம் கழன்று விழ ஆரம்பித்தது. கோல்கீப்பர் தலையில் கவசம் இல்லையென்றால் நடுவர் உடனே விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிடுவார். எதிரணிக்காரனுக்கு வயிறு எரியும். வேண்டுமென்றே தள்ளிவிடுகிறான், ஏமாற்றுக்காரன் என்று கத்துவான். நான் விடுவேனா? "நாடா நைஞ்சு போச்சுய்யா. உள்ளே இருக்கிறது என் தம்பி தலை, உங்க வீட்டுப் பூசணிக்காய் இல்ல" என்று கேலரியிலிருந்து கத்துவேன். ஒருமுறை கையிலிருந்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை அப்படியே நடுவர் மேல் வீசி, ஒரு மாதம் உள்ளே வரக்கூடாது என்று தடை வாங்கினேன்.

போன வாரம் போட்டி நடத்தும் லீக்கிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை ஆட்டத்துக்குத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் புதுக் கவசத்தோடு வந்தால்தான் மெர்வின் இறங்கலாம். அவன் இறங்காவிட்டால் எங்களுக்கு ஆட்டமே இல்லை, இந்த வருஷம் அதோடு முடிந்தது. ஆகவே புதன்கிழமை காலை, ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவனை முகம்கூடக் கழுவ விடாமல் வண்டியில் ஏற்றி சாஸ்கட்டூன் நகரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அப்பாவை என் புருஷன் வெர்ன் பார்த்துக்கொண்டார்.

கடையில் ஷெல்பி என்று ஒரு பெண், நல்ல விவரமானவள். முதல் கவசத்தை மாட்டிவிட்டாள். முன்பக்கக் கம்பியைப் பிடித்து இடமும் வலமும் இழுத்தாள். கவசம் அசையவில்லை, அவன் தலைதான் கூடவே போனது.

"இப்படித்தான் சார் இருக்கணும்."

"இறுக்குதும்மா. அடுத்த சைஸ் கொடு."

அடுத்ததும் இறுக்கியது. அதற்கடுத்ததும். எனக்குப் பொறுமை போய்விட்டது. "டேய், உன் கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கலியே" என்றேன்.

"யோசிச்சிருந்தா பண்ணியிருப்பேனாக்கா?" என்றான், கவசத்துக்குள்ளிருந்தே.

ஷெல்பி சிரித்துக்கொண்டே இன்னொன்று எடுத்துவர உள்ளே போனாள். நான் அந்தப் பக்கம் ஸ்கேட் ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தனியாகக் கண்ணாடி முன் நின்றான். எதிர்ச்சுவரில் இன்னொரு கண்ணாடி இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

பின்னால் கையை விட்டு நாடாவை இரண்டு துளை தளர்த்தினான். தாடையைக் கொஞ்சம் தூக்கி, கழுத்தை வெடுக்கென்று ஒரு உதறு உதறினான். கவசம் மேலே எம்பிக் கழன்றது, அவன் கையில் வந்து விழுந்தது. விழுகிற பொருளைப் பதறிப் பிடிக்கிற கை வேறு, விழப்போவது தெரிந்து காத்திருக்கிற கை வேறு. இது காத்திருந்த கை. திரும்ப மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை உதறினான். திருப்தியாகத் தலையாட்டினான்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. இரண்டு வருஷமாக இவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். பொய்யன் என்று நான் ஏசினவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. கிட்டே போனேன்.

"நீதான் தள்ளிவிடறியா?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தான். ராத்திரி முழுக்க நிலத்துக்கடியில் இருந்துவிட்டு வந்த முகம், கண்ணோரத்தில் இன்னும் பொட்டாஷ் தூசி ஒட்டியிருந்தது.

"ஆமாக்கா."

"ஏன்டா? ஜெயிக்கவா?"

"நாம எங்கக்கா ஜெயிச்சோம்?" கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். "விசில் ஊதினா அரை நிமிஷம் எல்லாம் நின்னுடும். திரும்ப மாட்டிக்கிற வரைக்கும் யாரும் என்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்க. எனக்கு அந்த அரை நிமிஷம் வேணும்க்கா. வாரத்துல எனக்குன்னு இருக்கிறது அதுதான்."

"முடியல, விட்டுடறேன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"வேற யாரு நிப்பா?" என்றான்.

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான். உறைந்த குட்டை மேல் நான் கேட்ட அதே கேள்வி.

ஷெல்பி பெட்டியோடு வந்தாள். "இது கச்சிதமா இருக்கும் பாருங்க."

"வேண்டாம்மா" என்றேன். "உனக்கு வீண் சிரமம் கொடுத்துட்டோம். இவனுக்கு எதுவும் பொருந்தாது."

வண்டியில் ஏறியதும் முதல் வேலையாகக் கோச் ஆர்னிக்குப் போன் போட்டேன். "சனிக்கிழமைக்குக் கோல்கீப்பர் இல்ல. இனிமேலும் இல்ல."

"என்ன டாரீன் இப்படித் தலையில கல்லைப் போடறே? ஆடாமலே தோத்துடுவோமே."

"தோப்போம். அதனால என்ன, உன் பண்ணைக்குள்ள வெள்ளமா வரப்போகுது?" வைத்துவிட்டேன்.

மெர்வின் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பாவுக்கு ஆறு மணிக்கு மாத்திரை" என்றான்.

"தெரியும். அப்பா இன்னிலேருந்து என் வீட்டுல."

"உன் முதுகு?"

"கிடக்குது முதுகு. மன்னிச்சுக்கடா மெர்வின்."

நகரம் தாண்டுவதற்குள் அவன் தூங்கிப்போயிருந்தான்.

இரண்டு மணி நேரம் ஓட்டி அவன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். வெளியே மைனஸ் முப்பது டிகிரி. இஞ்சினை அணைத்தால் எழுந்துவிடுவான் என்று ஓடவிட்டே உட்கார்ந்திருந்தேன். எதிரே என் வீட்டு ஜன்னலில் வெர்ன் எட்டிப் பார்த்து என்ன என்று கையசைத்தார். பக்கத்தில் அப்பா, தொப்பியும் பூட்ஸுமாக, மாட்டைப் பார்க்கத் தயாராக. இருங்க என்று நானும் கையைக் காட்டினேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். முதுகு விண்விண் என்று தெறித்தது. மெர்வின் லேசாகப் புரண்டான். கண் திறக்கவில்லை. இரண்டு கையும் மெல்ல எழுந்து, இல்லாத கவசத்தைத் தேடி முகத்துக்குப் போயின.

"விசில் ஊதிட்டாங்களாக்கா?"

அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கி அவன் மடியில் வைத்தேன்.

"ஊதியாச்சுடா. நீ தூங்கு."