நாய்க்காரர் என் பெரியப்பாதான்

நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். பெரியப்பா ஆறுமுகத்தின் முப்பதாம் நாளுக்கு, அவருடன் வேலை பார்த்த ஓட்டுநர்களும் நடத்துநர்களும் ஒரு சிறிய நினைவு மலர் போடுகிறார்கள். வீட்டிலிருந்து ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். "கட்டுரைப் போட்டியில பரிசு வாங்குறவ நீதான், எழுது" என்று அப்பா என்னிடம் தள்ளிவிட்டார். அன்பானவர், பண்பானவர், உதவும் குணம் உள்ளவர் என்ற சொற்களையும் அவரே கொடுத்தார். அவற்றை நான் பயன்படுத்தவில்லை. பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரில் இறந்தார் என்று ஆலங்குடியில் உங்களிடம் சொன்னோம். அது பொய்.

செய்தி எனக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை மத்தியானம், இயற்பியல் வகுப்பில். அப்பா அலுவலகத்தில் நிற்பதாக வந்து சொன்னார்கள். எனக்குக் காய்ச்சல் என்று அவரே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார். ஸ்கூட்டர் சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "பெரியப்பா போயிட்டாரும்மா. சேர்ல ஒக்காந்தபடியே. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. படியேறுறப்ப அழுதுறாத." நான் அழவில்லை. கேட்டைத் திறந்ததும் வீட்டுக்காரம்மா, "என்ன பாப்பா, சீக்கிரமே வந்துட்ட?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

ஏன் தெரியக்கூடாது என்பதற்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஆலங்குடி - புதுக்கோட்டைப் பேருந்தில் அவரிடம் டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் அவர் வாயைப் பற்றித் தெரியும். ஒரு நாள் யாரோ ஒரு பையில் நாய்க்குட்டியைப் போட்டுக் கடைசி சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். ஒருவர், "கண்டக்டரே, இதுக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்று சிரித்தார். "ஒங்கள விட அமைதியா வருது. ஒங்களுக்குத்தான் ரெண்டாப் போடணும்" என்றாராம் பெரியப்பா. அன்று மாலை குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. பெயர் டிக்கெட். பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்களோடுதான் இருந்தார். அன்றிலிருந்து அவர் கட்டிலுக்குக் கீழே அது.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "ஏத்துறப்பவே சொல்லிரணும். பாதி வழியில எறக்கக்கூடாது." கொட்டுகிற மழையில் கைகாட்டி நின்ற ஒரு குடும்பத்திடம், உங்கள் ஊரில் இந்த வண்டி நிற்காது என்று படியிலேயே சொல்லிவிட்டு விசில் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகள் நனைந்துகொண்டே நின்றார்கள். அன்று அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அவருடைய சிறுநீரகம் கெட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் புதுக்கோட்டைக்கு டயாலிசிஸ். தான் வேலை செய்த அதே வழித்தடத்தில், திரும்பி வரும்போது கம்பியைப் பிடிக்கவும் முடியாமல் வருவார். அப்பாவுக்கும் வேலை புதுக்கோட்டையில்தான். எனக்குப் பதினொன்றாம் வகுப்பும் அங்கேயே கிடைத்தது. வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விடலாம் என்று முடிவானது. பெரியப்பா ஒன்றே ஒன்று கேட்டார். டிக்கெட்டும் வர வேண்டும்.

புரோக்கர் முதல் நாளே அப்பாவிடம் யோசனை சொன்னார். "நாயப் பத்தி வாயே தெறக்காதீங்க சார். பால் காய்ச்சிட்டு ஒரு வாரம் சும்மா இருங்க. அப்புறம் கூட்டிட்டு வாங்க. யாரு வெளிய தள்ளப்போறா?" பெரியப்பா கேட்கவில்லை. பார்க்கப் போன ஒவ்வொரு வீட்டுக்கும் டிக்கெட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அவரும் வந்தார்.

ஒரு வீட்டில், "நாங்க சுத்த சைவம். நாய் எப்படி?" என்றார்கள். "தயிர்சாதம் சாப்புடும்ங்க. பக்கத்து வீட்டுல கருவாடு பொரிச்சா மட்டும் மனசு கொஞ்சம் அலையும்" என்றார் பெரியப்பா. கதவு மூடியது. இன்னொரு வீட்டில் ஒரு அம்மா மாடியிலிருந்தே எட்டிப் பார்த்து, "நல்ல ஜாதி நாயின்னு நெனச்சேன். இது தெரு நாய் மாதிரில்ல இருக்கு" என்றார். "தெருவுலதாம்மா நிக்கிறோம். நீங்க வீடு குடுத்தா வீட்டு நாயாயிரும்." அந்த ஜன்னலும் மூடியது. இன்னொருவர் எங்களிடம் பேசவே இல்லை. புரோக்கரைப் பார்த்து, "நாயோட வர்றவங்களை இங்கிட்டுக் கூட்டிட்டு வராதேன்னு சொல்லியிருக்கேன்ல" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பதாவது வீட்டு வாசலில் அம்மா நடுரோட்டிலேயே அழுதுவிட்டார். பள்ளி திறக்க நான்கு நாள்தான் இருந்தது. "இந்த நாயி செத்துத் தொலைஞ்சாத்தான் நமக்கு வீடு" என்றார். பெரியப்பா கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "அது வராட்டி நானும் வரல. நீங்க போங்க" என்றார். போங்க என்றால் எப்படி? வாரம் மூன்று நாள் யார் அவரைக் கூட்டிவருவார்கள்?

பத்தாவது வீட்டில், கேட்டைத் தாண்டியதுமே கறிவேப்பிலை மரத்தடியில் ஒரு சிறு கருங்கல் பலகை. பிங்கி என்று அதில் பெயர் வெட்டியிருந்தது. வீட்டுக்காரம்மா வளர்த்த நாயின் சமாதி. அவர் டிக்கெட்டின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, "அதே கண்ணு" என்று கண் கலங்கினார். எங்களையெல்லாம் பார்க்கும் முன்பே மாடி எங்களுடையது ஆகிவிட்டது. பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"வயசானவங்க, சீக்காளிங்க யாரும் ஒங்களோட இல்லையே?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அவரே தொடர்ந்தார். "தப்பா நெனைக்காதீங்க. முன்னாடி இருந்தவங்களோட மாமியார் மாடியிலயே போயிட்டாங்க. பொணம் எறங்குன படின்னு எட்டு மாசம் ஒரு ஆளு ஏறல. வெள்ளையடிச்சு, ஓமம் வளத்து அப்புறந்தான் வீடு பாக்கவே வந்தாங்க. நாய் எத்தன வேணா வெச்சுக்கங்க. சீக்காளி மட்டும் வேணாம்." பெரியப்பாவின் கறுத்துப்போன முகத்தையும், வெயிலில் அவர் போட்டிருந்த முழுக்கைச் சட்டையையும் பார்த்தார். "ஐயா யாரு?"

பெரியப்பா டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் இவங்க வீட்டு ஆளு இல்லம்மா. நாயப் பாத்துக்குறவன். அப்பப்ப வந்து போவேன்."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அப்பாவும் அம்மாவும் நானும் அங்கேதான் நின்றோம். இவர் எங்கள் வீட்டுப் பெரியவர் என்று சொல்ல மூன்று வாய்கள் இருந்தன. அம்மா வாயைத் திறந்தார். "தண்ணி எத்தன மணிக்குங்க வரும்?" என்று கேட்டார்.

பால் காய்ச்சிய அன்று காலை பெரியப்பா தெருவில் டிக்கெட்டோடு நின்றார். அம்மா ஒரு டம்ளர் பாலை, வேலைக்கு வந்தவருக்குக் கொடுப்பதுபோல, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொடுத்தார். பக்கத்தில் வீட்டுக்காரம்மா இருந்தார். பெரியப்பா அண்ணாந்து, டம்ளர் உதட்டில் படாமல் குடித்துவிட்டு, "நல்லாருங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு அவர் மாடியில் இருந்தார், ஆனால் இல்லை. ஜன்னலுக்குத் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இருமல் வந்தால் தலையணை. டயாலிசிஸ் நாட்களில் ஒரு பையோடு கீழே இறங்குவார். சொந்த ஊருக்குப் போய்வருகிறார் என்று வீட்டுக்காரம்மா நினைத்துக்கொண்டார். ஊசி போட்டுத் தடித்த கையை மறைக்க எப்போதும் முழுக்கைச் சட்டை. "நாய்க்காரர் இன்னிக்கும் இங்கதான் தங்குறாரா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டால், "பஸ்ஸ விட்டுட்டாரும்மா" என்பார் அம்மா. வாழ்நாள் முழுதும் பஸ்ஸிலேயே இருந்தவர் தினமும் பஸ்ஸை விட்டார்.

இனி நான் செய்ததை எழுத வேண்டும்.

குடிக்கிற நீர் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அவருடைய பாட்டிலில் பேனாவால் கோடு போட்டிருந்தது. சனிக்குப் பிறகு செவ்வாய்தான் டயாலிசிஸ் என்பதால் ஞாயிறும் திங்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சரியான வெயில். மரத்தடியில் டிக்கெட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மா ஒரு பெரிய செம்பு நிறைய நீர்மோரோடு வந்தார்.

"நாய்க்கு மட்டும் பாத்துப் பாத்துச் செய்யிறேன், ஒங்கள மறந்துட்டேன். குடிங்க."

"இப்பதாம்மா குடிச்சேன்."

"இந்த வெயில்ல வேணாம்ங்கறீங்க. ஒடம்புக்கு எதுவுமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, இவரு ஒங்களுக்குச் சொந்தமா? மூக்கு ஒங்கப்பா மூக்கு மாதிரியே இருக்கே."

"இல்ல ஆன்ட்டி. நாய்க்காக வர்றவரு" என்றேன்.

பெரியப்பா செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். வீட்டுக்காரம்மா சந்தோஷப்பட்டு, உள்ளே போய் இன்னொரு முறை நிரப்பிக்கொண்டு வந்தார். அதையும் குடித்தார். நான் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன். "அவருக்கு ஆகாது ஆன்ட்டி" என்று சொல்ல இரண்டு முறை நேரம் கிடைத்தது. சொன்னால் வீடு போகும். படியேறும்போது அவர் என் அருகில் நின்று மூச்சு வாங்கினார்.

"நல்லா சொன்ன ஆத்தா. திக்கவே இல்ல" என்றார்.

கேலியா, பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் காலை அவர் முகம் வீங்கியிருந்தது. நான் பள்ளிக்குப் போனேன். மோர்தான் காரணமா என்று டாக்டரிடம் நாங்கள் கேட்கவே இல்லை.

மத்தியானம் நான் போனபோது அவர் நாற்காலியில் இருந்தார். காலடியில் டிக்கெட். பகலில் இறக்கினால் தெரு பார்க்கும் என்று, தெரிந்தவர் ஒருவரின் காரை இருட்டியதும் வரச்சொல்லியிருந்தார் அப்பா. அதற்குள் உடம்பு உட்கார்ந்த வாக்கிலேயே விறைத்துப்போனது. படுக்க வைக்க முடியவில்லை. வாய் திறந்துவிடாதபடி நாடியைக் கட்டிய துணி வெளியே தெரியாமல் இருக்க அம்மா ஒரு மாஸ்க்கை மாட்டிவிட்டார். நாற்காலியோடு தூக்குவது என்று முடிவானது. எனக்கு இரண்டு வேலைகள். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். பிறகு டிக்கெட்டைப் பின்பக்கம் கொண்டுபோய் வீட்டுக்காரம்மாவைப் பேச்சில் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டையும் செய்தேன். வீட்டுக்காரம்மா கையில் டார்ச்சோடு வெளியே வந்தார்.

"நம்ம வீட்டுல மட்டுந்தான் போச்சா? எதிர் வீட்டுல எரியுதே."

"அப்பா பாத்துக்கிட்டு இருக்காரு ஆன்ட்டி."

டிக்கெட் ஊளையிட்டது. அதுவரை அது அப்படிச் செய்ததில்லை. "சகுனமே சரியில்லையே" என்றார். முன்பக்கம் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "யாரு வந்துருக்கா?"

"நாய்க்காரரக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க."

"ஏன், வேலைய விட்டுட்டாரா?"

"ஆமா ஆன்ட்டி" என்றேன். திக்கவில்லை.

"நல்ல மனுஷன். சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றார் அவர்.

ஆலங்குடியில் உங்களில் பலர் அப்பாவின் சட்டையைப் பிடித்து, ஏன் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்டீர்கள். பதில் மேலே இருக்கிறது. நாங்கள் இன்னும் அந்த மாடியில்தான் இருக்கிறோம். டிக்கெட்டை வீட்டுக்காரம்மா நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். இது அச்சானதும் ஒரு பிரதியை அவரிடம் கொடுக்கப்போகிறேன். அதன் பிறகு எங்களுக்கு அந்த வீடு இருக்காது. இதை அப்பா இன்னும் படிக்கவில்லை.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது பெரியப்பாவின் இடது கால் செருப்பு மூன்றாம் படியில் கழன்று விழுந்தது. கார் போன பிறகு இருட்டில் தடவி அதை எடுத்தேன். வீட்டுக்காரம்மா டார்ச்சைத் திருப்பியபோது பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பெரியப்பாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தச் செருப்பு. என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. எடுத்து வைத்த நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். மாலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. இறந்தவர் தலைமாட்டில் விளக்கேற்றி வைத்திருக்க வேண்டிய நேரம். எங்கள் வீட்டில் மாடியிலும் படிக்கட்டிலும் வாசலிலும் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன.